எபிசோடு 37: லாஸ்ட் நேம் ஏன் கட்டாயம்?

போன மாசம் ஒரு லிசனர் மெயில் அனுப்பியிருந்தாங்க. இன்டர்வியூல "ஃப்ளெக்ஸிபிள் டிசைன்னா என்ன, ஒரு உதாரணம் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்காங்க. இவங்க மைக்ரோசர்வீஸ், பிளகின், கான்ஃபிக் ஃபைல்னு அடுக்கியிருக்காங்க. "இதெல்லாம் கருவி. இதுல டிசைன் எங்க இருக்கு?"ன்னு எதிர்ல இருந்தவர் கேட்டதும் பதில் வரலையாம். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடிச்சிருந்தது. அதுக்காக இன்னைக்கு ஒரே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸை மட்டும் எடுத்துக்கிட்டுப் பேசப் போறேன். நீங்க எல்லாரும் நூறு தடவையாவது பார்த்தது. "லாஸ்ட் நேம்." பக்கத்துல ஒரு சிவப்பு நட்சத்திரம். காலியா விட்டா அடுத்த பக்கம் போகாது.

அமெரிக்காவுல இருக்கற நம்ம ஊர்க்காரங்க கிட்ட எஃப்என்யூன்னு சொல்லிப் பாருங்க. பாதிப் பேர் சிரிப்பாங்க, மீதிப் பேர் தலையில அடிச்சுப்பாங்க. "ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்" என்பதோட சுருக்கம் அது. முதல் பெயர் தெரியவில்லைன்னு அர்த்தம். இது எப்படி வருதுன்னு பார்ப்போம். இந்திய பாஸ்போர்ட்ல சர்நேம், கிவன் நேம்னு ரெண்டு வரி இருக்கு. குமரன்னு ஒருத்தர்னு வெச்சுக்கோங்க. அப்பா பேரு முருகேசன். ஊர்ல அவர் எம். குமரன். பாஸ்போர்ட்ல கிவன் நேம் குமரன், சர்நேம் காலி. அமெரிக்க விசா அடிக்கும்போது சர்நேம் காலியா இருக்க முடியாது. அதனால குமரன் சர்நேம் வரிக்குப் போயிடுவார். இப்போ கிவன் நேம் காலி. அந்த இடத்துல எஃப்என்யூன்னு மூணு எழுத்து வந்து உட்காரும். அங்கிருந்து அது டிரைவிங் லைசென்ஸுக்குப் போகும், பேங்க் கார்டுக்குப் போகும், ஆபீஸ் மெயிலுக்கும் போகும். முதல் நாள் ஹெச்ஆர்கிட்ட இருந்து மெயில் வரும்: "டியர் எஃப்என்யூ, வெல்கம்!"

வேடிக்கையா இருக்குல்ல? ஆனா அதுல ஒரு வார்த்தை தப்பு. "தெரியவில்லை"ங்கற வார்த்தை. குமரனோட பேரு எல்லாருக்கும் தெரியும். தெரியாதது எதுவுமே இல்ல. அவருக்கு சர்நேம்னு ஒண்ணு இல்ல, அவ்வளவுதான். தெரியாததும் இல்லாததும் வேற வேற.

இதை நான் மயிர் பிளக்கற வாதமா சொல்லல. ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு அடித்தளம் போட்ட எட்கர் காட் 1990-ல எழுதின புத்தகத்துல இதைத்தான் சொன்னார். ஒரு கட்டம் காலியா இருந்தா அதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, மதிப்பு இருக்கு, நமக்கு இன்னும் கிடைக்கல. இன்னொண்ணு, அந்தக் கேள்வியே இவருக்குப் பொருந்தாது. ரெண்டுக்கும் தனித்தனி குறி வேணும்னார். எஸ்கியூஎல் அதைக் கேட்கல. இன்னைக்கும் நம்மகிட்ட இருக்கறது ஒரே ஒரு நல்தான். கல்யாணம் ஆகாதவரோட துணைவர் பேரும் நல், கல்யாணம் ஆகி இன்னும் ஃபார்ம் நிரப்பாதவரோட துணைவர் பேரும் நல். நம்ம ஆளுங்க பலர் அந்த நல்லையும் விடாம "நாட் நல்"னு போட்டு வெச்சிருக்காங்க. அந்த நட்சத்திரத்துக்குப் பின்னாடி இருக்கறது அதுதான்.

சரி, குமரனுக்கு ஏன் சர்நேம் இல்ல? இதை நம்ம தலைமுறையில பல பேர் யோசிக்கறதே இல்ல. இந்தியாவுல பல இடங்கள்ல லாஸ்ட் நேம்ங்கற இடத்துல நிற்கறது சாதிப் பேரு. இங்கேயும் அப்படி இருந்தது. 1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பேருக்குப் பின்னாடி போடற சாதிப் பட்டத்தை விட்டுடணும்னு தீர்மானம் போட்டுச்சு. பல குடும்பங்கள்ல அப்படித்தான் அது விழுந்துச்சு. அந்தப் பட்டம் இல்லாத பேருக்கு முன்னாடி அப்பா பேரோட முதல் எழுத்து நின்னுச்சு. அதனால தமிழ்நாட்டுல அந்தக் கட்டம் காலியா இருந்தா, பல நேரம் அது யாரோ யோசிச்சுக் காலி பண்ணின இடம். ஒரு வெப் ஃபார்ம் வந்து, "இதை நிரப்பு, இல்லன்னா நீ உள்ள வர முடியாது"ன்னு சொல்லுது. அந்த ஃபார்மை எழுதின டெவலப்பருக்கு இந்த வரலாறு தெரிஞ்சிருக்கணும்னு நான் எதிர்பார்க்கல. ஆனா அவர் எழுதின ஒரு வரி, தனக்குத் தெரியாத ஒரு ஊரோட முடிவை மாத்தி எழுதச் சொல்லுது.

நம்ம ஊருக்கு மட்டும் வர்ற பிரச்சனையும் இல்ல இது. இந்தோனேசியாவோட முதல் ரெண்டு அதிபர்கள் சுகர்னோ, சுகார்த்தோ. ரெண்டு பேருக்கும் ஒத்தைப் பேருதான். ஐஸ்லாந்துல பெரும்பாலானவங்களுக்குக் குடும்பப் பேரே கிடையாது. அப்பா பேரோட மகன், மகள்னு சேர்த்துச் சொல்வாங்க. அங்க டெலிபோன் டைரக்டரியையே முதல் பேரை வெச்சுத்தான் அடுக்கினாங்க.

இப்போ எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். பாஸ்போர்ட்டுக்கான உலகத் தரத்தை வகுக்கறது ஐ.நா.வோட சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, ஐகாவோ. அந்த ஆவணத்தோட எண் 9303. உங்க பாஸ்போர்ட்டை எடுத்து, போட்டோ பக்கத்துக்குக் கீழே பாருங்க. அம்புக்குறி மாதிரி நிறைய குறிகளோட ரெண்டு வரி இருக்கும். ஒவ்வொண்ணும் 44 எழுத்து. முதல் வரியில 5 எழுத்து ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போயிடும். மீதி 39 பேருக்கு. இது மெஷின் படிக்கறதுக்குன்னே செஞ்சது, இதைவிட இறுக்கமான ஃபார்மட் கிடைக்கறது கஷ்டம். ஆனா அதுல சர்நேம்னு கேட்கவே இல்ல. முதன்மை அடையாளம், துணை அடையாளம்னு ரெண்டு பகுதி. ஒருத்தரோட பேரை ரெண்டாப் பிரிக்க முடியாதுன்னு பாஸ்போர்ட் கொடுக்கற நாடு முடிவு பண்ணினா, முழுப் பேரையும் முதன்மை அடையாளத்துல போடலாம், துணை அடையாளம் தேவையில்ல. முடிஞ்சுது!

அப்போ அடித்தளத்துல இடம் இருந்துச்சு. 39 எழுத்துக்குள்ளயும் சுகர்னோவுக்கும் குமரனுக்கும் யோசிச்சு இடம் விட்டிருக்காங்க. அதுக்கு மேல கட்டின விசா ஃபார்ம், டிக்கெட் புக்கிங், ஹோட்டல், இன்சூரன்ஸ்னு ஒவ்வொரு மாடியிலயும் யாரோ ஒருத்தர் அந்த இடத்தை அடைச்சுட்டாங்க. கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. டெம்ப்ளேட்ல ரெண்டு ஃபீல்டு இருந்திருக்கும், ரெண்டுக்கும் ரெக்வயர்டுன்னு போட்டிருப்பாங்க. நான் பார்த்த வரைக்கும் சாஃப்ட்வேர் இறுகிப் போறது பெரும்பாலும் இப்படித்தான். ஆர்க்கிடெக்சர் மீட்டிங்ல மூணு மணி நேரம் விவாதிச்ச முடிவுகளை அப்புறம் மாத்திடலாம், ஏன்னா அது ஒரு முடிவுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். யாரும் முடிவுன்னு நினைக்காம எடுத்த முடிவைத் தேடிக் கண்டுபிடிக்கவே வருஷங்கள் ஆகும்.

2022 நவம்பர்ல என்ன நடந்துச்சுன்னு சிலருக்கு ஞாபகம் இருக்கும். பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேரு இருந்தா விசிட் விசாவுல, டூரிஸ்ட் விசாவுல உள்ள விடமாட்டோம்னு ஐக்கிய அரபு அமீரகத்துல இருந்து அறிவிப்பு வந்துச்சு. நம்ம ஊர்ல இருந்து துபாய்க்குப் போறவங்க எத்தனை பேருன்னு யோசிச்சுப் பாருங்க. சில நாள்லயே விளக்கம் வந்துச்சு. பாஸ்போர்ட்டோட ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா ஏத்துக்கலாம்னு. நடுவுல இருந்த அந்தச் சில நாள்ல ஏர்லைன், டிராவல் ஏஜென்சி ஆளுங்க எல்லாரும் தங்களோட சிஸ்டத்துல எங்கெங்க பேரைத் தொடறோம்னு தேடியிருப்பாங்க. ஃப்ளெக்ஸிபிளிட்டிக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது. வெளியில ஒரு விதி மாறுது, மூணு நாள்ல மறுபடி மாறுது. உங்க கோடுல எத்தனை ஃபைலைத் திறக்கணும்?

இந்தக் கேள்வியை 1972-லயே டேவிட் பார்னஸ் கேட்டுட்டார். ஒரு புரோகிராமை எப்படித் துண்டு போடறதுன்னு அவர் எழுதின பேப்பர், எந்தக் கல்லூரி சிலபஸ்லயும் முதல் பாடமா இருக்க வேண்டியது. ஒரு சின்ன இன்டெக்ஸ் தயாரிக்கற புரோகிராமை எடுத்து ரெண்டு விதமா பிரிச்சுக் காட்டினார். முதல் விதம் நாம எல்லாரும் இயல்பா செய்யறது: உள்ளே வாங்கு, மாத்து, வரிசைப்படுத்து, அச்சடி. வேலை நடக்கற வரிசையில மாட்யூல். ரெண்டாவது விதத்துல அவர் கேட்ட கேள்வியே வேற. இதுல எந்த எந்த முடிவு பின்னாடி மாற வாய்ப்பு இருக்கு? மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள்ள ஒளிச்சு வை, வெளியில இருக்கறவங்களுக்கு அது தெரியவே வேண்டாம். வரிகளை மெமரியில எப்படிச் சேமிக்கறோம்ங்கறதை மாத்தினா, முதல் விதத்துல எல்லா மாட்யூலையும் தொடணும். ரெண்டாவதுல ஒண்ணே ஒண்ணு.

எனக்கு இது புரிஞ்சது பேப்பரைப் படிச்சு இல்ல, ஸ்கூல் யூனிஃபார்மை நினைச்சுப் பார்த்துத்தான். ஜூன் மாசம் டெய்லர்கிட்ட போனா அம்மா சொல்வாங்க, "வளர்ற பையன், கொஞ்சம் துணி விட்டுத் தைங்க"ன்னு. அவர் பேன்ட் கால்ல ரெண்டு இன்ச் உள்ள மடிச்சுத் தைப்பார், இடுப்புல பின்னாடி கொஞ்சம் துணி விடுவார். அடுத்த வருஷம் மடிப்பைப் பிரிச்சா பேன்ட் கணுக்கால் வரைக்கும் வந்துடும். ஆனா காலர்ல துணி விட மாட்டார், பட்டன் பட்டையில விட மாட்டார். எல்லா இடத்துலயும் விட்டா சட்டை மூட்டை மாதிரி இருக்கும்னு அவருக்குத் தெரியும். பையன் எங்க வளருவான்னு தெரிஞ்சு அங்க மட்டும் துணி விடறார். பார்னஸ் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

எல்லா இடத்துலயும் துணி விட்ட ஒரு சட்டையை நான் ஆபீஸ்ல பார்த்திருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் போய் உட்கார்ந்த ஒரு டீம். பேரு வேண்டாம். ஸ்கூல் அட்மிஷனுக்கான ப்ராடக்ட். எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க, ஒவ்வொரு ஸ்கூலும் ஒவ்வொரு மாதிரி கேட்கறாங்கன்னு வெறுத்துப் போய், எல்லாத்தையும் கஸ்டமர் கையிலயே கொடுத்துட்டாங்க. டேபிள்ல கஸ்டம் 1-ல இருந்து கஸ்டம் 60 வரைக்கும் காலம். எந்தக் காலத்துல என்ன வைக்கறதுன்னு ஸ்கூலே முடிவு பண்ணிக்கலாம். டெமோவுல பார்க்க அட்டகாசமா இருக்கும். "எங்க ப்ராடக்ட்ல எது வேணும்னாலும் மாத்திக்கலாம் சார்!" அப்புறம் ஒரு நாள் பெற்றோருக்கு எஸ்எம்எஸ் அனுப்பணும்னு ஒரு தேவை வந்துச்சு. போன் நம்பர் எங்க இருக்கு? ஒரு ஸ்கூல்ல கஸ்டம் 17. இன்னொரு ஸ்கூல்ல கஸ்டம் 17-ல ரத்த வகை. வேறொரு ஸ்கூல்ல பஸ் ரூட். எது வேணும்னாலும் மாத்தலாம்னு கட்டின ப்ராடக்ட்ல ஒரு எஸ்எம்எஸ் சேர்க்க ஆறு வாரம் ஆச்சு. அந்த டீம்ல எல்லாரும் அதை ஃப்ளெக்ஸிபிள் சிஸ்டம்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. எனக்கு அது முடிவெடுக்க மறுத்த சிஸ்டமாத்தான் தெரிஞ்சது. எடுக்காத முடிவையெல்லாம் கஸ்டமர் தலையில கட்டிட்டு அதுக்குக் காசும் வாங்கிட்டாங்க.

அதுக்கு நேர் எதிர் உதாரணம் ஒண்ணு உங்க போன்லயே இருக்கு. நீங்க தமிழ்ல அனுப்பற ஒவ்வொரு மெசேஜும் பெரும்பாலும் யூடிஎஃப்-8 வழியாத்தான் போகுது. 1992 செப்டம்பர்ல ஒரு சாயங்காலம், நியூ ஜெர்சியில ஒரு சாப்பாட்டுக் கடையில உட்கார்ந்து, தட்டுக்கு அடியில போடற பேப்பர்ல கென் தாம்ப்ஸன் அதை வரைஞ்சார். ராப் பைக் கூட இருந்தார். அதோட விதிகள் ரொம்பக் கறாரானவை. ஒரு எழுத்தோட முதல் பைட்டைப் பார்த்தாலே அது எத்தனை பைட் நீளம்னு தெரியணும். ஆஸ்கி எழுத்துகள் ஒரு பிட் கூட மாறக்கூடாது. இந்த ரெண்டையும் அசைக்காம வெச்சதாலதான் பழைய ஆங்கில ஃபைல்கள் அப்படியே ஓடுது, அதே குழாயில தமிழும் போகுது. "தமிழ்"னு நீங்க டைப் பண்ணினா கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோடுக்கு அஞ்சு குறி, யூடிஎஃப்-8-ல 15 பைட். ஒரு குறிக்கு மூணு.

இதுலயும் நடுவுல ஒருத்தர் கதவைச் சாத்தினார். மைஎஸ்கியூஎல்ல "யூடிஎஃப்8"னு பேரு வெச்ச வகை, ஒரு எழுத்துக்கு மூணு பைட்டுக்கு மேல எடுத்துக்காது. நாலு பைட் கேட்கற எமோஜி வந்தப்போதான் உலகம் முழுக்க அலறல். நாலு பைட் தாங்கற புது வகையை 2010-ல சேர்த்தாங்க. நம்ம எழுத்து மூணு பைட்டுதானே, நமக்கென்னன்னு இருக்க முடியாது. 2019-ல யூனிகோடு நம்ம பழைய பின்னக் குறிகளைச் சேர்த்துச்சு. அதுல முதல் குறி முந்திரி, அதாவது 320-ல ஒரு பங்கு. அது உட்கார்ந்திருக்கற இடத்துக்கு நாலு பைட் வேணும். ஒரு பழைய ஓலைக் கணக்கை அந்த டேபிள்ல ஏத்தினா முந்திரி உள்ளேயே போகாது. சாப்பிடற முந்திரி போகும்.

சரி, டெக்ஸ்ட் பாக்ஸுக்குத் திரும்புவோம். அடுத்த தடவை நீங்க ஒரு ஃபார்ம் எழுதும்போது என்ன பண்ணலாம்? முதல்ல, பேரை எதுக்குக் கேட்கறோம்னு பிரிச்சுப் பாருங்க. ஆவணத்தோட ஒத்துப் பார்க்க ஒரு பேரு வேணும். அது ஒரே நீளமான பெட்டி, ஆவணத்துல எப்படி இருக்கோ அப்படி, ஒத்தை எழுத்தையும் புள்ளியையும் ஏத்துக்கணும். மெயில்ல கூப்பிட ஒரு பேரு வேணும்னா, "உங்களை எப்படிக் கூப்பிடலாம்?"னு நேராவே கேளுங்க. எம். குமரன்ல இருந்து கூப்பிடற பேரை வெட்டி எடுக்கப் பார்க்காதீங்க. "ஹாய் எம்"னு மெயில் வாங்காத தமிழ் ஆளு இருக்காங்களா என்ன? பிரிட்டிஷ் அரசோட இணையதளங்களுக்கான டிசைன் வழிகாட்டி, பேருக்கு முடிஞ்ச வரை ஒரே கட்டம் வைங்கன்னுதான் சொல்லுது. நம்ம ஆதார்லயும் பேருக்கு ஒரே கட்டம்தான்.

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். "எங்க சிஸ்டம் ஏர்லைனோட பேசணும். அங்க ரெண்டு ஃபீல்டு கேட்கறாங்க, நாங்க என்ன பண்றது?" நியாயமான கேள்வி. அந்தப் பிரிப்பை உங்க டேட்டாபேஸுக்குள்ள கொண்டு வராதீங்க. வாசல்ல வெச்சுக்கோங்க. இந்தப் பார்ட்னருக்கு ஒத்தைப் பேரை எப்படி அனுப்பணும்னு தெரிஞ்ச ஒரே ஒரு ஃபங்ஷன். ஒருத்தர் பேரை ரெண்டு தடவை போடச் சொல்வார், இன்னொருத்தர் எஃப்என்யூ போடச் சொல்வார். அந்தக் கிறுக்குத்தனமெல்லாம் அந்த ஃபங்ஷனோட நிக்கட்டும். நவம்பர்ல விதி மாறினா அங்க ஒரு வரி மாத்துங்க. யூசரோட பேரு நடுவுல முழுசா, அப்படியே இருக்கும்.

இதுல இன்னும் ஒண்ணு இருக்கு, ஒப்பிடறது. எங்க அப்பா ஒரு தொழிற்சாலையில 31 வருஷம் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றதும் வர வேண்டிய ஒரு தொகை நாலு மாசம் வரல. ஒரு ஆவணத்துல இனிஷியல் பேருக்கு முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடி, மூணாவதுல இனிஷியலை விரிச்சு தாத்தா பேரு முழுசா. பான் கார்டு விண்ணப்பத்துல இனிஷியல் போடக்கூடாது, விரிச்சுத்தான் எழுதணும்னு விதி. ஆதார்ல இனிஷியலோட இருக்கும். மூணும் ஒரே ஆள்னு பக்கத்து வீட்டுக் குழந்தை சொல்லும். கம்ப்யூட்டர் ரெண்டு சரத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு "பொருந்தவில்லை"ன்னு சொல்லிடுச்சு. அதைப் பார்க்க வேண்டிய மனுஷருக்கு முன்னாடி இருந்த திரையில ரெண்டே பட்டன்: ஏற்கவும், நிராகரிக்கவும். "பார்க்க ஒரே ஆள் மாதிரி இருக்கு, சரிபார்க்கணும்"னு சொல்ல மூணாவது பட்டன் இல்ல. அந்த அலுவலர் மேல எனக்குக் கோபம் இல்ல, அப்பா போனப்போ அவர் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வெச்சிருக்கார். அவர்கிட்ட இருந்த கருவி அவரோட அறிவைப் பயன்படுத்த விடல. ப்ராடக்ட் டிசைன்ல மூணாவது பட்டனுக்காகச் சண்டை போடறவங்க டீம்ல ஒருத்தராவது இருக்கணும். பெரும்பாலும் "எட்ஜ் கேஸ், அப்புறம் பார்க்கலாம்"னு பேக்லாக்ல போயிடும். எங்க அப்பா அந்த எட்ஜ் கேஸ்ல நாலு மாசம் க்யூவுல நின்னார்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்க கோடுபேஸ்ல லாஸ்ட் நேம்னு தேடுங்க. ரெக்வயர்டுன்னு இருந்தா, அந்த மதிப்பை எந்தக் கோடு படிக்குது, எதுக்குப் படிக்குதுன்னு பின்னாடியே போய்ப் பாருங்க. யாருமே படிக்கலைன்னா எனக்கு மெயில் போடுங்க. எத்தனை பேர்கிட்ட இருந்து வருதுன்னு அடுத்த எபிசோடுல சொல்றேன். அடுத்த வாரம் தேதி, நேரம், டைம்ஸோன். அதுவும் ஒரு பெரிய கூத்து.